திருத்துபவர் கையில் இருக்கும் தாள்

பொங்கல் விடுமுறை முடிந்ததும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் திருப்புதல் தேர்வுகளின் காலம் தொடங்கிவிடுகிறது. அந்த வாரங்களில் பழைய வினாத்தாள் கட்டு இல்லாத புத்தகப்பையைக் காண்பது அரிது. கடைகளில் அவற்றைத் தொகுத்துப் புத்தகமாக விற்கிறார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் பிடிஎஃப் கோப்புகளாக வந்து குவிகின்றன. எந்தக் கேள்வி எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுகிறார்கள், இந்த ஆண்டு எது வரும் என்று கணிக்கிறார்கள், சிலர் நேரம் வைத்து முழுத் தாளையும் எழுதிப் பார்க்கிறார்கள். எழுதி முடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தாள் மூடிவைக்கப்படுகிறது, அல்லது கைடு ஒன்றைப் பிரித்து விடை சரியா தவறா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார்கள். அந்த வினாத்தாளுக்கென்றே தேர்வுத் துறை தயாரித்த விடைக்குறிப்பை அருகில் வைத்து, எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்று தன் விடையைத் தானே திருத்திப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. பழைய வினாத்தாளால் கிடைக்கக்கூடிய பலனில் பெரும்பகுதி அந்தத் திருத்தத்தில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பத்துத் தாள் எழுதுவதைவிட, திருத்தத்தோடு நான்கு தாள் எழுதுவது மேலானது என்பது என் கருத்து.

விடைக்குறிப்பு எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் அதன் மதிப்பு விளங்கும். 1912, 1913 ஆண்டுகளில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். ஒரே மாணவரின் விடைத்தாளைப் பிரதியெடுத்துப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பி, வழக்கம்போல் மதிப்பெண் இடச் சொன்னார்கள். ஆங்கிலத் தாளுக்கு வந்த மதிப்பெண்கள் ஒன்றோடொன்று வெகுவாக விலகியிருந்தன. மொழிப்பாடம் என்பதால் அப்படி இருக்கலாம் என்ற ஐயம் எழவே, அடுத்து வடிவியல் தாள் ஒன்றை அனுப்பினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் திருத்திய அந்த ஒரே தாளுக்கு 28 முதல் 92 வரை மதிப்பெண்கள் வந்தன. கணக்கிலேயே இந்த நிலை. ஒருவர் விடையை மட்டும் பார்த்தார், இன்னொருவர் வழிமுறையைப் பார்த்தார், மற்றொருவர் கையெழுத்தும் ஒழுங்கும் கெட்டதற்காகக் குறைத்தார். லட்சக்கணக்கான மாணவர்கள் எழுதும் பொதுத்தேர்வில் இப்படி விட்டுவிட முடியாது. மாவட்டந்தோறும் உள்ள திருத்தும் மையங்களில் முதன்மைத் தேர்வாளரும் கூர்ந்தாய்வு அலுவலரும் உதவித் தேர்வாளர்களும் ஒரே அளவில் மதிப்பெண் இட வேண்டும் என்பதற்காகத்தான் விடைக்குறிப்பு எழுதப்படுகிறது. அதாவது, அது மாணவருக்காக எழுதப்பட்டதே இல்லை. உங்கள் தாளைத் திருத்தப்போகும் ஆசிரியருக்கு, எதற்குக் கொடு, எதற்குக் கொடுக்காதே என்று சொல்லும் கட்டளைத்தாள் அது. மாணவர் அதைப் படிக்க வேண்டிய காரணமும் அதுவே.

தமிழ்நாட்டு பிளஸ் டூ இயற்பியலை எடுத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண்: ஒரு மதிப்பெண் வினாக்கள் 15, இரண்டு மதிப்பெண் வினாக்கள் ஆறு, மூன்று மதிப்பெண் வினாக்கள் ஆறு, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து. இந்தப் பாடத்தின் விடைக்குறிப்புத் தொடக்கத்தில் ஆசிரியர்களுக்கான பொதுக் குறிப்புகள் சில இடம்பெறுவது வழக்கம். ஒரு மதிப்பெண் வினாவில் குறியீடும் விடையும் இரண்டும் சரியாக இருக்க வேண்டும், ஒன்று தவறினாலும் பூஜ்யம். கணக்குகளில் சூத்திரம் எழுதப்படாவிட்டால் எஞ்சிய சரியான படிகளுக்கு மதிப்பெண் வழங்க வேண்டும். வரைபடத்தில் எக்ஸ், ஒய் அச்சுகளில் எந்த அளவுகள் என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். நான் மிக முக்கியமாகக் கருதுவது இன்னொன்று: விளக்கம், காரணம், விவரிப்பு கேட்கும் வினாக்களில் மாணவர் தம் சொந்த நடையில் எழுதலாம்; கருத்து மாறக் கூடாது, எந்தக் குறிப்பும் விடுபடக் கூடாது. புத்தகத்தில் உள்ள வரியை அச்சுப்பிசகாமல் எழுதினால்தான் மதிப்பெண் என்ற நம்பிக்கை நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த நம்பிக்கையால் எத்தனை பிள்ளைகள் நடு இரவு வரை உட்கார்ந்து பத்திகளை நெட்டுருப் போடுகிறார்கள். திருத்துபவருக்குத் தரப்படும் தாளோ வேறொன்று சொல்கிறது. சொற்கள் உன்னுடையவையாக இருக்கட்டும், கருத்து முழுமையாக இருக்கட்டும் என்கிறது. இந்த ஒரு குறிப்பைப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்தால்கூடத் தகும்.

கணக்கில் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பதற்கு ஒரு சிறு உதாரணம். 10 ஓம், 15 ஓம் மின்தடைகள் இரண்டு பக்க இணைப்பில் 12 வோல்ட் மின்கலத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. சுற்றில் பாயும் மொத்த மின்னோட்டம் என்ன என்பது கேள்வி. தொகுபயன் மின்தடை 6 ஓம், மின்னோட்டம் 2 ஆம்பியர். மூன்று மதிப்பெண் என்றால் பக்க இணைப்புக்கான சூத்திரத்துக்கு ஒன்று, மதிப்புகளைப் பொருத்தி 6 ஓம் கண்டதற்கு ஒன்று, அலகோடு இறுதி விடைக்கு ஒன்று என்று பிரிப்பது இயல்பான முறை. ஒரு மாணவர் சூத்திரத்தைச் சரியாக எழுதி, 150ஐ 25ஆல் வகுக்கும்போது கைதவறி 5 என்று போட்டுவிட்டார். அதனால் மின்னோட்டம் 2.4 ஆம்பியர் என்று முடித்தார். இன்னொருவர் தொடர் இணைப்புக்கான முறையில் இரண்டையும் கூட்டி 25 ஓம் என்று எடுத்து 0.48 ஆம்பியர் என்று முடித்தார். இரண்டு இறுதி விடைகளும் தவறு. ஆனால் இரண்டும் ஒரே தவறு அல்ல. முதலாமவருக்கு இயற்பியல் தெரியும், வகுத்தலில் சறுக்கினார். இரண்டாமவருக்குப் பாடத்தின் அடிப்படையே பிடிபடவில்லை. சிபிஎஸ்இ தன் திருத்துநர்களுக்குத் தரும் பொது அறிவுரைகளில், ஒரு பிழையின் தொடர்விளைவுக்காக மீண்டும் மீண்டும் மதிப்பெண் குறைக்கக் கூடாது, ஒருமுறை மட்டுமே குறைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. இங்கிலாந்தின் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வுக் கணிதத் தாள்களுக்கான விடைக்குறிப்புகளில் இதற்கென்றே குறியெழுத்துகள் உண்டு: வழிமுறைக்கான மதிப்பெண்ணுக்கு ‘எம்’, அந்த வழிமுறையைச் சார்ந்த சரியான விடைக்கு ‘ஏ’, எதையும் சாராமல் தனித்து நிற்கும் மதிப்பெண்ணுக்கு ‘பி’. ஒரு தாளைத் திருத்தி முடித்தபின் எந்த வகை மதிப்பெண் போயிற்று என்று பார்த்தாலே அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கைடைப் பார்த்து, விடை தவறு என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும் மாணவருக்கு இந்த வேறுபாடு கடைசிவரை தெரியாமலே போகிறது.

திருத்துபவரின் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சிபிஎஸ்இ அறிவுரைகளின்படி முக்கியப் பாடங்களில் ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்தில் 20 விடைத்தாள்கள் திருத்த வேண்டும். ஒரு தாளுக்கு 24 நிமிடம் வருகிறது. மூன்று மணி நேரம் எழுதியதை 24 நிமிடத்தில் படிக்கும் ஒருவர், பத்திக்குள் புதைந்திருக்கும் கருத்தைத் தோண்டி எடுப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. விடைக்குறிப்பில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் உங்கள் தாளில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஐந்து குறிப்புக்கு ஐந்து மதிப்பெண் என்றால் ஐந்தும் தனித்தனியே தெரிய வேண்டும். ஒருமுறை திருத்துபவரின் இடத்தில் அமர்ந்து தன் விடையிலேயே மதிப்பெண்ணுக்குரிய வரியைத் தேடிப் பார்த்த பிள்ளைக்கு, ‘படிப்படியாக எழுது’ என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

இனி ஓர் ஐயம் எழும். விடைக்குறிப்பில் எல்லாம் இருக்கிறதென்றால் வினாத்தாளையும் விடைக்குறிப்பையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டால் போதாதா? போதாது என்பதற்கு உளவியலில் வலுவான சான்று உண்டு. 2006இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகிய இருவர் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, புத்தகத்தைப் பாராமல் நினைவிலிருந்து மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்த குழுவே முந்தியது: 83 விழுக்காடு, மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்களிடம் 40 விழுக்காடுதான் மிஞ்சியிருந்தது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 இருந்தது. திரும்பத் திரும்பப் படிப்பது அந்த நேரத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்ட உணர்வைத் தருகிறது. தேர்வு நாளில் அந்த உணர்வு உதவுவதில்லை. ஆகவே விடைக்குறிப்பை முதலில் பார்க்கும் மாணவர், தனக்கு எது தெரியும் எது தெரியாது என்று கண்டறியக் கிடைத்த ஒரு வாய்ப்பை இழந்துவிடுகிறார். எழுதுவது முதலில், திருத்துவது பிறகு என்ற வரிசை மாறக் கூடாது.

இதைவிடக் கூர்மையான சான்று ஒன்றும் இருக்கிறது. ஒஹையோவில் உள்ள கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்ரின் ராசன், ஜான் டன்லாஸ்கி இருவரும் மாணவர்கள் தங்கள் விடையைத் தாங்களே மதிப்பிடும்போது என்ன நடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். பாடநூல் வரையறைகளை நினைவிலிருந்து எழுதச் சொல்லி, அது சரியா என்று மதிப்பிடச் சொன்னார்கள். ஒப்பிட எதுவும் தராதபோது தவறான விடைகளுக்கும் மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே மதிப்பெண் கொடுத்துக்கொண்டார்கள். சரியான வரையறையை முழுதாக அருகில் வைத்தபோது அந்தத் தாராளம் குறைந்தது, ஆனாலும் நீங்கவில்லை. அதே வரையறையைக் கருத்துக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் உன் விடையில் இருக்கிறதா என்று தனித்தனியே பார்க்கச் சொன்ன பின்னைய ஆய்வில்தான் மதிப்பீடு உண்மைக்கு மேலும் நெருங்கியது. மாதிரி விடை தரும் கைடுக்கும் மதிப்பெண் பிரித்துத் தரும் விடைக்குறிப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முழு விடையைப் பார்க்கும் கண், ‘இதைத்தானே நானும் எழுதினேன்’ என்று சமாதானம் சொல்லிவிடுகிறது. கூறுகூறாகப் பிரித்த குறிப்பு அந்தச் சமாதானத்துக்கு இடம் தருவதில்லை.

ஒளிமின் விளைவை வரையறுக்கச் சொன்னால் ஒரு மாணவர், ‘உலோகத்தின் மீது ஒளி படும்போது எலக்ட்ரான்கள் வெளிவருவது’ என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைடில் உள்ள விடையைப் பார்த்தால் அவருக்குத் தன்னுடையதும் ஏறத்தாழ அதே மாதிரிதான் தெரியும். கூறுகளாகப் பிரித்துப் பார்த்தால் ‘தகுந்த அதிர்வெண் கொண்ட’ என்ற கூறு அவர் விடையில் இல்லை. சிறு சொற்றொடர்தானே, இதற்குப் போய் மதிப்பெண் குறைப்பதா என்று அவருக்குத் தோன்றலாம். ஆனால் அந்த நிகழ்வின் உயிரே அதில்தான் இருக்கிறது. பயன்தொடக்க அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒளியை எவ்வளவு செறிவாகப் பாய்ச்சினாலும் ஓர் எலக்ட்ரான்கூட வராது. பழைய அலைக்கொள்கையால் விளக்க முடியாமல் போனது அதுவே. 1905இல் ஐன்ஸ்டைன் ஒளியைச் சிறு ஆற்றல் பொட்டலங்களாகக் கருதியதும், 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததும் இதன் தொடர்பாகத்தான். விடைக்குறிப்பு கேட்கும் கூறும் இயற்பியல் கேட்கும் கூறும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. நன்கு தயாரித்த விடைக்குறிப்புகளில் இது அடிக்கடி நேர்கிறது. மதிப்பெண் போன இடத்தைப் பின்தொடர்ந்து போனால் பாடத்தில் புரியாமல் விட்ட இடத்துக்கே போய்ச் சேர்கிறோம்.

வீட்டில் இதைச் செய்யப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஆனால் தாள்களைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். தமிழ்நாட்டில் பிளஸ் டூவுக்கு இப்போதுள்ள பாடத்திட்டம் 2019-20 கல்வியாண்டில்தான் வந்தது. அதற்கு முந்தைய, பாடத்துக்கு 200 மதிப்பெண் என்றிருந்த காலத்துத் தாள்கள் அமைப்பிலும் உள்ளடக்கத்திலும் பொருந்தாதவை. 2020 மார்ச்சில் ஒரு தேர்வு நடந்தது. 2021இல் கொரோனா காரணமாகத் தேர்வே ரத்தானது. 2022 மே மாதம் நடந்தது குறைக்கப்பட்ட பாடத்திட்டத்தில். ஆக, துணைத்தேர்வுத் தாள்களைச் சேர்த்தாலும் பொருத்தமான அசல் வினாத்தாள்கள் ஒரு சிறு கட்டுதான். அவற்றை நவம்பரிலேயே வேடிக்கை பார்ப்பதுபோல் புரட்டித் தீர்த்துவிட்டால் பிப்ரவரியில் எழுதிப் பார்க்கப் புதிய தாள் இருக்காது. அந்தக் கட்டில் பழையவற்றைப் பாடவாரியாகப் பிரித்து எழுதலாம். அண்மைய இரண்டு மூன்று தாள்களைக் கண்ணில் படாமல் வைத்திருந்து, கடைசி வாரங்களில் முழு நேரம் வைத்து எழுத வேண்டும். எழுதிய அன்றே திருத்துவதைவிட மறுநாள் திருத்துவது நல்லது. மனத்தில் நினைத்தது மறந்து, தாளில் எழுதியது மட்டும் கண்ணுக்குத் தெரியும். வேறு நிற மையில், விடைக்குறிப்பின் ஒவ்வொரு கூறுக்கும் எதிரே தன் வரியைக் காட்ட முடிந்தால் மட்டும் மதிப்பெண் இட வேண்டும். காட்ட முடியாவிட்டால் மனம் இரங்கக் கூடாது. நண்பர்கள் இருவர் தாள்களை மாற்றித் திருத்திக்கொண்டால் இந்தக் கண்டிப்பு எளிதாகக் கைகூடும்; ‘நான் சொல்ல வந்தது அது’ என்று ஒருவர் வாதாடும்போது, ‘எங்கே எழுதியிருக்கிறாய், காட்டு’ என்று மற்றவர் கேட்பார்.

திருத்தி முடித்தபின் கூட்டுத்தொகையைவிட முக்கியமானது, போன மதிப்பெண்கள் ஏன் போயின என்பது. பாடமே தெரியாமல் போனதா, தெரிந்திருந்தும் கேள்வியோடு பொருத்தத் தெரியாமல் போனதா, ‘வேறுபடுத்துக’ என்றதற்கு இரண்டையும் தனித்தனியே விவரித்ததால் போனதா, அலகையும் அச்சின் பெயரையும் விட்டதால் போனதா? இவற்றுக்கு மருந்து வேறுவேறு. முதல் வகைக்குப் பாடநூலுக்குத் திரும்ப வேண்டும். அலகு விட்டவருக்குப் பாடநூலை மறுபடி படிப்பதால் ஒரு பயனும் இல்லை. அடுத்த பத்துக் கணக்குகளில் அலகைச் சரிபார்க்கும் பழக்கம் வர வேண்டும். இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ அறிவியல் பாடங்களில் அறிந்திருப்பதை எழுதுவதற்கு 40 விழுக்காடும், அறிந்ததைப் புதிய சூழலில் பயன்படுத்துவதற்கு 40 விழுக்காடும், தகவல்களைப் பகுத்தாய்ந்து முடிவுக்கு வருவதற்கு 20 விழுக்காடும் என்று மதிப்பெண்களை வகுத்துவைத்திருக்கிறார்கள். வெறுமனே ஒப்பிப்பவர் பாதியைக்கூட எட்ட முடியாத அமைப்பு அது. சிபிஎஸ்இயும் திறன் அடிப்படையிலான வினாக்களை அதிகமாக்கி அந்தப் பக்கம் நகர்ந்து வருகிறது. தன் தவறுகளை இப்படி வகை பிரித்துப் பார்க்கும் மாணவருக்கு, எந்த வாரியம் எப்படி மாறினாலும் தன் பலவீனம் எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்கும். தவறிய கேள்விகளை ஒரு வாரம் விட்டு மீண்டும், எதையும் பாராமல் எழுத வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். முன்சொன்ன 40க்கும் 61க்கும் இடையிலான வேறுபாடு அப்படி எழுதுவதில்தான் கிடைக்கிறது.

இதெல்லாம் மதிப்பெண் வேட்டை, கல்வி இல்லை என்று ஓர் எதிர்ப்பு வரும். அதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. விடைக்குறிப்பை மட்டுமே பாடமாக்கி, அதில் உள்ள சொற்களை நெட்டுருப் போட வைக்கும் பயிற்சி மையங்கள் இருக்கவே செய்கின்றன. அங்கே விடைக்குறிப்பு இன்னொரு கைடாகிவிடுகிறது. ஆனால் அந்தப் பயன்பாட்டை விடைக்குறிப்பே ஆதரிக்கவில்லை. தமிழ்நாட்டு இயற்பியல் குறிப்பு சொந்த நடைக்கு இடம் தருவதை மேலே கண்டோம். சிபிஎஸ்இ விடைக்குறிப்புகளும், தரப்பட்டவை வழிகாட்டும் குறிப்புகளே, முழு விடைகள் அல்ல; மாணவரின் வெளிப்பாடு சரியாக இருந்தால் உரிய மதிப்பெண் தர வேண்டும் என்று முகப்பிலேயே சொல்கின்றன. ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு மாணவர் முன்னேற மூன்று தேவை என்றார்: நல்ல வேலை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும், தன் வேலையை அதோடு ஒப்பிடத் தெரிய வேண்டும், இடைவெளியைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும். ஆசிரியர் மனத்தில் மட்டும் இருக்கும் அளவுகோலால் மாணவர் வளர முடியாது. அந்த அளவுகோல் மாணவர் கைக்கு வரும்போது அவர் தன்னைத்தானே திருத்திக்கொள்ளத் தொடங்குகிறார், அதைக் கல்வி இல்லை என்று எப்படிச் சொல்வது? இன்னொன்றும் உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் ஆசிரியர் சொல்லிக்கொடுத்துவிடுகிறார், எந்தப் படிக்கு எவ்வளவு மதிப்பெண் என்று. முதல் தலைமுறையாகப் பள்ளி இறுதியைத் தொடும் பிள்ளைக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. காசு கொடுக்காமல் கிடைக்கும் விடைக்குறிப்பு அந்தப் பிள்ளைக்குத்தான் அதிகம் தேவை.

விடைக்குறிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும், அதை நம்பலாமா என்பது இன்னொரு கேள்வி. அளவோடு நம்பலாம். இங்கிலாந்தின் பெரிய தேர்வு வாரியங்களில் ஒன்றான ஏக்யூஏ, தன் விடைக்குறிப்புகளின் முன்னுரையில் இதை மறைக்காமல் சொல்கிறது: மாணவர்களின் உண்மையான விடைகளைப் பார்த்தபின் அது விரிவுபடுத்தப்படுவதும் உண்டு, பொதுக் கோட்பாடுகள் நிலையாக இருந்தாலும் நுணுக்கங்கள் தாளுக்குத் தாள் மாறும், ஓர் ஆண்டின் குறிப்பை வைத்து அடுத்த ஆண்டை ஊகிக்கக் கூடாது. ஆகவே ஒரு குறிப்பிலிருந்து எடுக்க வேண்டியது அந்த விடையை அல்ல. ‘காரணம் கூறு’ என்றால் காரணத்தோடு விளைவையும் இணைக்கும் வரி கேட்கிறார்களா, வருவித்தலில் படத்துக்குத் தனி மதிப்பெண் உண்டா என்பன போன்ற வழக்கங்கள் நான்கைந்து ஆண்டுக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது புலப்படும், அவைதான் அடுத்த தாளுக்கும் உதவும். விடைக்குறிப்பில் பிழை நேர்வதும் உண்டு. குறிப்பில் இல்லாத சரியான விடையை மாணவர் எழுதியிருக்கவும் கூடும். அத்தகைய இடத்தில் பாடநூலோடும் ஆசிரியரோடும் சரிபார்ப்பதே முறை. கட்டுரை வினாக்களில் நிலைமை சற்று வேறு. மொழிப்பாடக் கட்டுரைகளுக்கும் வரலாற்று நெடுவினாக்களுக்கும் வரிக்கு வரி மதிப்பெண் இட முடியாது. இங்கிலாந்து வாரியங்கள் இவற்றைத் தரநிலைகளாகப் பிரித்து, எந்த நிலைக்கு விடை அதிகம் பொருந்துகிறது என்று பார்க்கின்றன. அங்கே மாணவர் செய்ய வேண்டியது, தன் கட்டுரை எந்த நிலையில் நிற்கிறது, அடுத்த நிலையின் விவரிப்பில் உள்ள எந்தச் சொல் தன் கட்டுரைக்குப் பொருந்தவில்லை என்று தேடுவது. இதற்கு ஆசிரியரின் துணை கட்டாயம் வேண்டும்; தனியே செய்தால் தன்மேல் இரக்கம் வந்துவிடும்.

நீட், ஜேஇஇ போன்ற தேர்வுகளில் எழுத்தை மட்டும் தரும் விடைப்பட்டியல்தானே இருக்கிறது, படிநிலை மதிப்பெண் ஏது என்று கேட்கலாம். நீட் தேர்வில் சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு என்பதே முழு மதிப்பெண் திட்டம். வகுத்தலில் சறுக்கிய மாணவரும் சூத்திரமே தெரியாத மாணவரும் அங்கே ஒரே கழிவைப் பெறுகிறார்கள். அதனால்தான் வீட்டில் பயிற்சி செய்யும்போது படிநிலைத் திருத்தம் இன்னும் அவசியமாகிறது. தேர்வு சொல்லாததை மாணவரே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும்: எந்தப் படியில் பிசகினேன், அல்லது தெரியாமலே ஊகித்துச் சரியாக வந்ததா? ஊகத்தால் கிடைத்த நான்கை ‘தெரிந்தது’ என்ற கணக்கில் சேர்ப்பது, ராசனும் டன்லாஸ்கியும் கண்ட அதே தாராளம்தான்.

தேர்வு நடத்துபவர்களும் இதில் செய்யக்கூடியது நிறைய. இங்கிலாந்து வாரியங்கள் விடைக்குறிப்போடு தேர்வாளர் அறிக்கையும் வெளியிடுகின்றன. எந்த வினாவில் மாணவர்கள் பரவலாகத் தவறினார்கள், எந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று அதில் வினாவாரியாக இருக்கும். இலங்கைப் பரீட்சைத் திணைக்களமும் சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்குப் புள்ளித்திட்டங்களோடு மதிப்பீட்டு அறிக்கைகளைத் தயாரித்து வந்திருக்கிறது; கடந்தகால வினாத்தாள்களோடு அவற்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் ஆசிரியர்கள் அங்கே உண்டு. தமிழ்நாட்டின் திருத்தும் மையங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் இதே அறிவைத் திரட்டுகிறார்கள். எந்த வருவித்தலில் பிள்ளைகள் மூன்றாம் படியில் நின்றுவிடுகிறார்கள் என்பது முகாமில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். அது பாடந்தோறும் நான்கைந்து பக்கமாகத் தமிழில் எழுதப்பட்டு, ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அடுத்த அணியின் கைக்கு வர வேண்டும்.

அதுவரை வகுப்பறையில் செய்யக்கூடிய ஒரு பயிற்சி இருக்கிறது, நான்கைந்து தாள்களைத் திருத்திப் பழகிய பிள்ளைகளுக்கு ஏற்றது. விடை எழுதச் சொல்லாமல், புதிய கேள்வி ஒன்றைக் கொடுத்து அதற்கு விடைக்குறிப்பு எழுதச் சொல்வது. ‘மின்மாற்றியின் உள்ளகம் ஏன் மெல்லிய தகடுகளால் ஆனது? இரண்டு மதிப்பெண்’ என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிறார். மாறும் காந்தப்பாயம் உள்ளகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி வெப்பமாக ஆற்றலை வீணாக்குகிறது என்பதற்கு ஒன்று; காப்பிடப்பட்ட மெல்லிய தகடுகள் அந்த மின்னோட்டத்தின் பாதையைத் தடுத்து இழப்பைக் குறைக்கின்றன என்பதற்கு ஒன்று. ‘சுழல் மின்னோட்டம் குறையும்’ என்று மட்டும் எழுதினால் எவ்வளவு, ‘வெப்பம் வராது’ என்று எழுதினால் ஏற்கலாமா, ‘காப்பிடப்பட்ட’ என்ற சொல் விடுபட்டால் குறைக்கலாமா என்று வகுப்பு விவாதிக்கத் தொடங்கும்போது, அவர்கள் பேசிக்கொண்டிருப்பது முழுக்க முழுக்க மின்காந்தத் தூண்டலைப் பற்றித்தான்.